மிஞ்சிய நாற்று

1994-இல் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி எங்கள் வீட்டுக்கு நடந்தால் வழியில் ஒன்பது வீடுகள். இருட்டுக்குத் துணையாக அவற்றை எண்ணிக்கொண்டே நடப்பேன். மற்றதெல்லாம் சுண்ணாம்பு அடித்த மனைக் கற்கள், தும்பை, வேலிக்காத்தான். மாதத் தவணை கட்டி 1991-இல் பத்திரம் பதிந்த ஒரு கிரவுண்டு எங்களுடையது. அதுவரை பெரம்பூரில் ஒண்டுக் குடித்தனம். எட்டுக் குடும்பத்துக்குப் பொதுவான முற்றத்தில் ஒரு துளசித் தொட்டி வைப்பதற்கே வீட்டுக்கார அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். மனை வாங்கி வீடு எழும்ப மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் டைரியின் பின்பக்கத்தில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கிணறு ஈசானியத்தில், முருங்கை வேலியோரம், கத்தரிப் பாத்தி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. எங்களுக்கு முந்தின ஸ்டேஷன் திருநின்றவூர். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டி, காஞ்சியில் பல்லவ ராஜா குறித்த குடமுழுக்கு நாளையே தள்ளிப்போட வைத்த பூசலார் அந்த ஊர்க்காரர். தவணை கட்டி மனை வாங்கிய எங்கள் எல்லோருக்கும் அவரோடு ஒரு சொந்தம் உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

விதை என் மாமியார் கொடுத்தது. அவருடைய ஊர் வேலூர்ப் பக்கம், இலவம்பாடிக்கு அருகில் ஒரு கிராமம். அந்தப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்கு இப்போது பெரிய பெயர்; 2023-இல் வேலூர் முள்ளுக் கத்தரி என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அன்றைக்கு அது எங்களுக்கு அத்தை வீட்டுக் கத்தரி. தண்டில் முள், காம்பில் முள், காயின் தலைக் குல்லாவில் முள், இலையின் நடு நரம்பில்கூட முள். பறிக்கிறபோது ஒன்றாவது விரலில் ஏறாமல் விடாது. ஆனால் அந்தக் காயில் எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு வேறு கத்தரி பிடிக்காது. நன்றாக முற்றி மஞ்சளாகப் பழுத்த காயை அறுத்து, விதையைப் பிசைந்து கழுவி, அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து கொடுத்தார் அத்தை. "ஒரு சிட்டிகை போதும்மா. மிச்சத்தைப் பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தார். காட்பாடியில் ரயில் பிடிக்கிற அவசரத்தில் அந்தச் சிட்டிகை என் காதில் தங்கவில்லை.

ஒரு கிராம் கத்தரி விதையில் இருநூறு விதைக்கு மேல் இருக்கும். முடிச்சில் பத்துக் கிராமாவது இருந்திருக்கும். ஆவணி முதல் வாரம், கயிற்றுக் கட்டில் அகலத்துக்கு ஒரு மேட்டுப்பாத்தி கட்டி, மக்கிய சாணி எருவைச் சலித்துப் போட்டு, முடிச்சு மொத்தத்தையும் அதில் தூவிவிட்டேன். எட்டாம் நாள் காலையில் பார்த்தால் மண்ணே தெரியாத பச்சை. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. ஆபீஸ் போகும் முன் ஒரு பூவாளித் தண்ணீர், வந்த பிறகு ஒரு பூவாளித் தண்ணீர், ராத்திரி படுக்கும் முன் டார்ச் அடித்து ஒரு பார்வை. முளைத்து நாலு நாள்கூட ஆகவில்லை, பாத்தியின் நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். இலை பச்சையாகவே இருந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நைந்து, நூல் மாதிரி ஆகியிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பூவாளி ஊற்றினேன். மறுநாள் உள்ளங்கை இரண்டு கை அகலமாயிற்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலி மனைகளில் ஆடு மேய்க்க வரும் ஆயா வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நாத்து உட்டியா, கோரப்பாய் நெய்ஞ்சியா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆடுகளை அதட்டிவிட்டு, படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பாத்தி ஓரம் குந்தினார். குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணிய நிறுத்து. இத்தக் கலைக்கணும்" என்றார்.

ஆயாவுக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். வேப்பம்பட்டு, பெருமாள்பட்டு, செவ்வாப்பேட்டை என்று அந்தச் சுற்று வட்டாரம் முழுக்க நடவுக்குப் போனவர். பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவர், வயலெல்லாம் மனையான பிறகுதான் கரை ஏறினார். எங்கள் மனையிலும் நட்டிருக்கிறார். "உன் கெணறு கீற எடந்தான் இந்தக் கழனிக்கு நாத்தங்கால்" என்று அவர் சொன்ன அன்று நான் கிணற்றடியில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது இரண்டடிக்குக் கீழே வந்த களிமண்ணை மேஸ்திரி ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார். அது எத்தனை போகம் நெல்லைச் சுமந்த மண் என்பது ஆயா சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

அவர் வாயில் அடிக்கடி வருவது ஐயாரு இருபது. அந்த ஐ.ஆர். 20 நெல்லின் பெற்றோரில் ஒன்று எங்கள் பக்கத்து நெல்தான் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். செவ்வாப்பேட்டைப் பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்களுக்கெல்லாம் டி.கே.எம். என்றுதான் பெயர், திரூர்குப்பம் என்பதன் சுருக்கம் அது. அந்த டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் போய், அங்கே ஒட்டுச் சேர்ந்து, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்தைக் கொடுத்து, ஐ.ஆர். 20 ஆகத் திரும்பி வந்திருக்கிறது. ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அப்பிடியா? நம்ம ஊட்டுப் பொண்ணுதானா அது?" என்று கேட்டார்.

அன்று பாத்தி ஓரத்தில் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் சாய்ந்து கிடந்த நாற்றையும், அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நன்றாக நின்ற நாற்றையும் மண்ணோடு வாரி வேலிக்கு வெளியே தள்ளிப் போட்டார். வாரி எடுத்த இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார். பிறகு இடது கை ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் கத்தரி மாதிரி விரித்து மண்ணில் பதித்தார். அந்த இரண்டு விரலுக்கு இடையில் ஒரே ஒரு நாற்று. வலது கையால் மற்றதைக் கலைத்தார். தனியாக நின்றதை இழுத்தார். பக்கத்துச் செடியோடு வேர் பின்னிக் கிடந்ததை இழுக்கவில்லை, தரையோடு நகத்தால் கிள்ளினார். "இத்தப் புடுங்கினா அதுவும் கூட வரும். கிள்ளு" என்றார். விரல் நகர்ந்தது. மறுபடி ஒன்று நின்றது, ஏழெட்டுப் போனது. அவர் கை நடவு நடுகிற வேகத்திலேயே போயிற்று. பாத்தி சீப்பில் வாரின தலை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

"நீ அந்தப் பக்கம் கலை" என்றார் என்னிடம்.

என்னால் முடியவில்லை. இரண்டு நாற்று ஒட்டி நின்றால் எதை எடுப்பது? இரண்டும் பச்சை, இரண்டும் ஒரே உயரம். ஒன்றைத் தொட்டு, விட்டு, மற்றதைத் தொட்டு, கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த இடம் போவேன். அரை மணி நேரத்தில் நான் எடுத்தது பத்தோ பன்னிரண்டோ. ஆயா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பாவம் பாக்கிறியா? ரெண்டையும் உட்டா ரெண்டும் பூடும். அத்தப் பாரு" என்று பாத்தியின் நடுவில் நின்ற நாற்றைக் காட்டினார். வெளிச்சத்துக்கு அடித்துக்கொண்டு நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறிப்போய், விரலை எடுத்தால் சாய்கிற மாதிரி நின்றிருந்தது. ஓரத்தில் தனியாக முளைத்தது குட்டையாக, தண்டில் லேசாக ஊதாச் சாயம் ஏறி, தட்டினால் ஆடாமல் நின்றது. இரண்டும் ஒரே நாள் முளைத்தவை.

பின்னால் படித்தபோது அந்த நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர் இருப்பது தெரிந்தது. பித்தியம் என்கிற நுண்ணுயிரி, ஈரம் வடியாத மண்ணில், காற்று நுழையாத நெருக்கத்தில், தண்டின் கழுத்தைப் பிடிக்கும். இப்போது டிரைக்கோடெர்மா விரிடி தூளில் விதையைப் புரட்டி விதைக்கச் சொல்கிறார்கள், நானும் செய்கிறேன். ஆனால் எந்தத் தூளும் நெருக்கி விதைத்த கையைக் காப்பாற்றாது என்பது இருபது முப்பது நாற்றங்கால் போட்ட பிறகு என் முடிவு. விதையை மணலோடு கலந்து, விரல் கிழித்த கோட்டில் அரிதாகத் தூவி, காலையில் மட்டும் தண்ணீர் காட்டினால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது.

ஆயா வாயில் வந்த ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். களை எடுப்பதற்கும் செடி கலைப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல்தான் நான் இருந்தேன். அச்சடித்த புத்தகங்களிலேயே பயிர் கலைத்தல் என்றும் களைத்தல் என்றும் இரண்டு எழுத்திலும் பார்த்திருக்கிறேன். ஆயாவுக்கு அதில் குழப்பமே கிடையாது. "களை வேற, கலைக்கிறது வேற. களைய வேலிக்கு அந்தாண்ட போடுவோம். கலைச்சதப் போடுவாங்களா?" என்றார். கூட்டம் கலைந்தால் ஆட்கள் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள், அப்படித்தான் அவர் மனசில் அந்தச் சொல் இருந்தது. கிள்ளிப்போட்டது ஆட்டுக்குப் போயிற்று. வேரோடு வந்த நல்ல நாற்றை ஒரு ஈரத் துணியில் சேர்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பார்த்தால் இருநூறுக்கு மேல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பாத்தி கட்டச் சொல்லி, குச்சியால் துளை போட்டு, நாலு விரலுக்கு ஒன்றாக அதில் வைத்துத் தென்னங்கீற்றால் மூடினார். கைக்குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற பொறுமையோடு அந்த வயதில் அவர் அதைச் செய்தார்.

கலைத்ததைப் போடுவதில்லை என்பது கீரையில்தான் எனக்கு முழுசாக விளங்கியது. சின்ன வயதிலிருந்து முளைக்கீரை ஒரு கீரை, தண்டுக்கீரை வேறு கீரை என்றே நினைத்திருந்தேன். பெரம்பூரில் கூடைக்காரம்மா வேரும் மண்ணுமாகக் கட்டிக் கொண்டுவருவது முளைக்கீரை. மார்க்கெட்டில் கைத்தடி கனத்தில் கிடப்பது கீரைத்தண்டு. ஆயா ஒரே பாத்தியில் இரண்டையும் எடுத்தார். கடுகை விடச் சின்ன, கறுத்துப் பளபளக்கும் விதையை ஒரு பங்குக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவினோம். இருபது, இருபத்தைந்து நாளில் ஒரு சாண் வளர்ந்தது. நெருக்கமாக இருந்த இடத்தில் வேரோடு பிடுங்கினோம். அன்றைக்கு வீட்டில் முளைக்கீரை மசியல். நாலு நாள் கழித்து மறுபடி கலைத்தோம், மறுபடி மசியல். முழத்துக்கு ஒன்றாக நின்றவை அதற்கப்புறம் காற்றும் வெளிச்சமும் கிடைத்துத் தடித்துக்கொண்டு போயின. நாற்பது நாள் தாண்டிய பிறகு அதே விதையின் அதே பாத்தியில் கீரைத்தண்டு சாம்பார். முள்ளங்கியும் அப்படித்தான். கலைக்காவிட்டால் இலைதான் மிஞ்சும், கிழங்கு சுண்டு விரலைத் தாண்டாது. ஆனால் கலைத்த முள்ளங்கியை வேறிடத்தில் நட்டுப் பார்க்காதீர்கள். ஆணிவேர் ஒருமுறை மடங்கிவிட்டால் கிழங்கு கவட்டையாகப் பிரியும். அந்த இளங்கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துவிடுவதுதான் நல்லது.

நடவு நாளுக்கு வருகிறேன். முளைத்து ஐந்தாவது வாரம், கத்தரிக்கு ஐந்தாறு இலை வந்திருந்தது. நடு நரம்பில் முள் மெல்ல எட்டிப் பார்த்தது. அதற்கு நாலு நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துவிட்டார் ஆயா. செடி கொஞ்சம் வாடிப் பழகட்டும் என்று. நடுகிற அன்று மத்தியானம் மட்டும் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டார். ஈர மண்ணில்தான் நாற்று வேர் அறாமல் கழன்று வரும். வெயில் தாழ்ந்த பிறகுதான் கையை வைத்தார். ஏன் சாயங்காலம் என்று கேட்டேன். "ராத்திரி பூராத் தூங்கட்டும். காலைல வெயிலப் பாத்துக்கும்" என்றார். வேர்நுனியில் பஞ்சு மாதிரி இருக்கும் மெல்லிய தூவிகள்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன, பிடுங்கும்போது அவைதான் அறுகின்றன, புதுசு முளைக்கும்வரை இலை வழியாகப் போகும் தண்ணீருக்கு ஈடு கட்ட வேரால் முடியாது, வெயிலில் நட்டால் அதனால்தான் தலை தொங்குகிறது என்று நான் பின்னால் தெரிந்துகொண்ட பாடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது.

இரண்டடிக்கு ஒரு குழி. ஒரு கைப்பிடி எரு. நாற்றைத் தண்டில் பிடிக்காமல் இலையில் பிடித்துக் குழியில் இறக்கி, முளைத்தபோது எதுவரை மண் இருந்ததோ அதுவரை மண்ணைத் தள்ளி, இரண்டு கட்டை விரலாலும் வேரைச் சுற்றி அழுத்தினார். அந்த அழுத்தம் எனக்கு வர மூன்று வருஷம் ஆனது. லேசாக அழுத்தினால் வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று நிற்கும். பலமாக அழுத்தினால் எங்கள் மண் காய்ந்து ஓடு மாதிரி இறுகும். ஆயா அழுத்திய பிறகு இலை நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். இலை கிழியலாம், செடி வரக்கூடாது, அதுதான் அளவு. தக்காளியை மட்டும் ஆழமாக, அடியிலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்துவரை புதைப்பார். அதன் தண்டெல்லாம் வேர் விடும். மிளகாய் குழிக்கு இரண்டு. வெண்டை, அவரையை நாற்று விடவே கூடாது, இருக்கிற இடத்தில் ஊன்றிவிட வேண்டும். கடைசியாக ஒவ்வொரு கத்தரிக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினார். ஊர்ப் பெயரிலேயே வேம்பு இருக்கிறது, கொத்துக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் நாள் காலை, உயிர்த் தண்ணி. அன்று வேப்பங்கொத்து காய்ந்திருந்தது. அதன் நிழலில் கத்தரி நிமிர்ந்து நின்றது.

எங்கள் பாத்தியில் இருபது செடிக்குத்தான் இடம். ஈரத் துணியிலிருந்து பக்கத்துப் பாத்திக்குப் போன நாற்றுகள் அத்தனையும் வளர்ந்து நின்றன. ஒன்பது வீட்டுக்கும் கொடுத்தோம். சிலர் வாங்க வெட்கப்பட்டார்கள். குடிவந்து இரண்டு வருஷமாகியும் ஒருவருக்கொருவர் பேசியிராத வீடுகள். நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் பேசாமல் இருக்க முடியாது. எப்போது நடுவது, ஆடு கடிக்குமா, எரு எங்கே கிடைக்கும் என்று பேச்சு வந்துவிடும். அப்படியும் மிஞ்சியதை டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து அடுக்கி, காலை ரயிலில் பெண்கள் பெட்டிக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெட்டியை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது பாதி அடுப்படி. மாலை வண்டியில் கீரை ஆய்வார்கள், பீன்ஸ் நார் எடுப்பார்கள், பூக் கட்டுவார்கள், ஆவடி வருவதற்குள் மறுநாள் சமையலுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். அன்று ஆவடியில் நாலு நாற்று இறங்கியது, அம்பத்தூரில் ஆறு, வில்லிவாக்கத்தில் மூன்று. கொரட்டூரில் இறங்கும் அக்கா ஒருவர் ஐந்து வாங்கினார். மாடி வீடு அவர்களுக்கு, மண்ணே கிடையாது. பெயின்ட் டப்பாவில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். அடுத்த தை மாதம் ஒரு காயைக் கொண்டுவந்து காட்டினார். முள்ளோடு, உள்ளங்கை நிறைய. பெட்டியில் அது கை மாறி மாறிப் போயிற்று.

அதிலிருந்து வருஷாவருஷம் நாற்று விட்டேன். ஆடியில் விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி போகும் என்பதால் கொஞ்சம் விதையைத் தைக்கென்று தனியாக வைக்கவும் பழகினேன். ஒரு வருஷம் ஆபீஸ் வேலையில் நடவு தள்ளிப்போய் நாற்று ஐம்பது நாள் நின்றுவிட்டது. நாற்றங்காலிலேயே பூத்து, நட்ட பிறகு வளரவே இல்லை. நாற்றுக்கும் வயது உண்டு.

வயதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2005-ஐ ஒட்டி, பெருமாள்பட்டுப் பக்கம் மிச்சமிருந்த வயல்களில் ஒன்றில் ஒற்றை நாற்று நடவு செய்தார்கள். செம்மை நெல் சாகுபடி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹென்றி டி லோலானி என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் மடகாஸ்கர் விவசாயிகளோடு இருந்து கண்ட முறை அது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. ஆயாவை அழைத்துப் போனேன். வரப்பில் நின்று பார்த்தார். குழந்தை மாதிரி நாற்று, ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில். வயல் வெறிச்சென்று கிடந்தது. "காக்கா கொத்திட்டா இன்னா பண்ணுவான்?" என்று கோபமாகவே கேட்டார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி போனோம். அவரே இறங்கி ஒரு குத்தைப் பிரித்துத் தூர் எண்ணினார். முப்பதைத் தாண்டியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். சேற்றில் நின்றபடியே வெகுநேரம் பேசவில்லை. "கத்திரிக்கித் தெரிஞ்சது நெல்லுக்குத் தெரியாமப் பூட்ச்சே எனுக்கு. இத்தினி வருசம் நெருக்கி நெருக்கி நட்டமே" என்றார். அந்தக் குரலை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. ஐம்பது வருஷம் செய்த வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

2015 நவம்பர் முழுக்க மழை. டிசம்பர் முதல் தேதி பெய்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் எங்கள் ஒன்பது வீடு முந்நூறாகியிருந்தது. தண்ணீர் ஓடிய கால்வாயெல்லாம் தெருவாகியிருந்தது. தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் ஐந்து நாள் நின்றது. கத்தரி வேருக்குத் தண்ணீர் வேண்டும், மூச்சும் வேண்டும். இரண்டு நாளில் இலை மஞ்சளாயிற்று, நாலாம் நாள் தொட்டால் உதிர்ந்தது. தண்ணீர் படியேறி வீட்டுக்குள்ளும் வந்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த விதை முடிச்சுகள் எல்லாம் ஊறி, முளை கட்டி, பூஞ்சை பூத்துப்போயிருந்தன. அத்தை காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர் நிலத்தையும் விற்றாயிற்று. நனைந்த வேட்டித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் அழுதேன். போன சாமான்களுக்காக அழவில்லை.

தெருவில் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. எல்லோருக்கும் அதே தண்ணீர்.

2016 மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொரட்டூர் அக்கா ரயிலேறி வந்தார். ஏரி உடைந்தது போல அவர்கள் தெருவிலும் தண்ணீர் வந்திருக்கிறது. ஆனால் தோட்டம் மாடியில். பெயின்ட் டப்பாவில் தொடங்கியவர், 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்குப் பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது அதையும் வாங்கிப் பெருக்கியிருந்தார். புது விதைகளுக்கு நடுவில் பழைய கத்தரியை மட்டும் விடவில்லை. பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து என் கையில் வைத்தார். திறந்தேன். ஈரத் துணி. அதில் பதினோரு நாற்று.

ஆயா கிணற்றடித் திட்டில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியாயிற்று, தடி இல்லாமல் நடப்பதில்லை. பாக்ஸை அவரிடம் நீட்டினேன். கண் சரியாகத் தெரியாது அவருக்கு. ஒரு நாற்றை எடுத்து இலையைத் திருப்பி, நடு நரம்பின் மேல் கட்டை விரலை மெல்ல ஓட்டினார். பாதியில் விரல் நின்றது.

"முள்ளு கீது. நம்மளுதுதான்" என்றார்.

வெயில் தாழக் காத்திருந்தோம். வண்டல் படிந்த பாத்தியில் ஆறு குழிக்குத்தான் இடம் ஒழித்திருந்தேன். கொரட்டூர் அக்கா நாற்றை எடுத்துக் கொடுக்க, நான் நட்டேன், ஆயா உட்கார்ந்த இடத்திலிருந்தே தடியால் வேப்பங்கொத்துக்கு இடம் காட்டினார். ஆறும் முடிந்தது. பாக்ஸில் இன்னும் ஐந்து. தொலைந்துபோய்த் திரும்பக் கைக்கு வந்த நாற்று என்பதால் குழிக்கு இரண்டாக வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒன்று போனாலும் ஒன்று நிற்குமே.

"மீதி அஞ்சு?" என்றார் ஆயா.

எதிர்வீட்டில் மழைக்கு முந்தின மாதம்தான் குடிவந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண், அவள் கணவன், கைக்குழந்தை. வந்த வேகத்தில் கட்டில் மெத்தையெல்லாம் நனைந்துபோய், இரண்டு மாதமாக வாசலில் எதையாவது காயவைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவளோடு பேசியதில்லை. ஐந்து நாற்றையும் ஈரத் துணியோடு எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து கேட்டைத் தட்டினேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து திறந்தாள்.

"இது கத்தரி நாத்தும்மா. இன்னைக்கே, இருட்டறதுக்குள்ள நட்டுடுங்க. இரண்டடிக்கு ஒண்ணு. மூணாம் நாள் உயிர்த் தண்ணி விடணும், நான் வந்து காட்டறேன்."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டினாள். பின்னால், கிணற்றடியிலிருந்து ஆயாவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது.

"முள்ளு கீது, பாத்துப் புடிக்கச் சொல்லு!"